42,000 ரூபாய் கட்டி ஏடபிள்யூஎஸ் சான்றிதழ் வாங்குவது பயன் தருமா?

கேள்வி: இரவுப்பணியாளர், மேடவாக்கம்

சோழிங்கநல்லூரில் ஒரு நிறுவனத்தின் புரொடக்‌ஷன் சப்போர்ட் பிரிவில் நான்கு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். டிக்கெட் (பழுதுப் புகார்) வந்தால் லாக் (கணினி தன் செயல்களை எழுதிவைக்கும் பதிவு) பார்ப்பது, சர்வீஸை மறுபடி தொடங்குவது, சரியாகாவிட்டால் அடுத்த நிலைக்கு அனுப்புவது என்று இரவுகள் கழிகின்றன. கைக்கு வரும் சம்பளம் 38,000 ரூபாய். கிளவுட் (இணையவழியில் வாடகைக்குக் கிடைக்கும் கணினிச் சேவை) பக்கம் நகரலாம் என்ற எண்ணத்தில் வேளச்சேரியில் ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்தேன். அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் தரும் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் சான்றிதழுக்கான பயிற்சிக்கு இரண்டு தவணையில் 42,000 ரூபாய், தேர்வுக் கட்டணம் தனி, நூறு சதவீத வேலைவாய்ப்பு உதவி உண்டு என்றார்கள். இந்த பேட்சில் இடம் முடியப்போகிறது என்று அவசரப்படுத்தியதால் அங்கேயே 2,000 ரூபாய் முன்பணமும் கட்டிவிட்டேன். மீதிப் பணத்துக்கு நகைக்கடன்தான் வழி. ஜூனில் மகளின் பள்ளிக் கட்டணமும் காத்திருக்கிறது. இந்தச் செலவு வேலையில் திரும்பக் கிடைக்குமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: தரமணிவாசி

நண்பரே, முதலில் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். நீங்கள் குறிப்பிடும் தேர்வின் கட்டணம் 150 டாலர். 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 177 டாலர், அதாவது 15,000 ரூபாய்க்கு மேல். 130 நிமிடங்களில் 65 கேள்விகள். ஆயிரத்துக்கு 720 எடுத்தால் தேர்ச்சி. தவறினால் 14 நாள் கழித்து மறுபடி முழுக் கட்டணம் கட்டி எழுதலாம். சான்றிதழ் மூன்று ஆண்டுகள் செல்லும். பயிற்சி நிலையம் கேட்கும் 42,000 இல் இந்தத் தேர்வுக்கென்று ஒரு ரூபாய்கூட இல்லை. அவர்கள் சொன்னது வேலைவாய்ப்பு 'உதவி'. அதை 'உறுதி' என்று நீங்கள் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் நூறு சதவீதத்தை முன்னால் ஒட்டுகிறார்கள்.

நான் எங்கள் குழுவுக்கு ஆள் எடுப்பவன். சென்ற மாதம் மூன்று சான்றிதழ்களோடு ஒருவர் வந்தார். பிரைவேட் சப்நெட்டில் (இணையத்திலிருந்து நேரடியாக அணுக முடியாத உள் வலையமைப்பு) இருக்கும் சர்வரால் இணையத்திலிருந்து அப்டேட் இறக்க முடியவில்லை, எங்கே பார்ப்பீர்கள் என்று கேட்டேன். செக்யூரிட்டி குரூப் (எந்தப் போக்குவரத்தை அனுமதிப்பது என்ற விதிகள்) என்றார். சரி, அது திறந்திருக்கிறது, அடுத்து என்ன என்றேன். போக்குவரத்து எந்த வழியில் போக வேண்டும் என்று சொல்லும் ரூட் டேபிள் என்ற சொல் கடைசிவரை அவர் வாயில் வரவில்லை. தேர்வில் வந்த கேள்விகள் என்று சொல்லி விற்கப்படும் டம்ப்ஸை மனப்பாடம் செய்திருக்கிறார் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. நள்ளிரவில் லாக் பார்த்துப் பழகிய உங்களுக்கு இந்தக் கேள்வி எளிதாகவே இருக்கும். அந்த அனுபவத்தை ரெஸ்யூமேயில் மேலே வைத்து, சான்றிதழை அதற்குக் கீழே எழுதுங்கள்.

பதில் 2: கோட்டூர்புரத்து வாசகி

தரமணிவாசி சொல்வது நேர்காணல் அறைக்குள் நுழைந்த பிறகு நடப்பது. குழந்தைக்காக ஐந்து ஆண்டுகள் வேலையை விட்டிருந்த என்னை அந்த அறை வரைக்கும் கொண்டுபோனது சான்றிதழ்தான். அது இல்லாத வரை வேலைத் தளங்களில் என் விண்ணப்பத்தை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. எனவே மதிப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் நான் எந்தப் பயிற்சி நிலையத்துக்கும் போகவில்லை. அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதியில் நான்கு மாதம் உட்கார்ந்தேன். சில நூறு ரூபாய்க்கு ஒரு இணையவழிப் பாடம் வாங்கினேன். ஒரே ஒரு தண்டச் செலவு: பழகுவதற்காக ஏடபிள்யூஎஸ்ஸில் உருவாக்கிய நேட் கேட்வேயை (உள் வலையமைப்பிலுள்ள சர்வர் இணையத்துக்குப் போகும் வழி) அழிக்க மறந்துவிட்டேன். யாரும் பயன்படுத்தாவிட்டாலும் அது மணிக்கணக்கில் காசு கேட்கும். மாத இறுதியில் முப்பது டாலருக்கு மேல் பில் வந்து நின்றது. கணக்குத் தொடங்கிய அன்றே, செலவு மிஞ்சினால் தகவல் தரும் பட்ஜெட் எச்சரிக்கையை வைத்துவிடுங்கள்.

பதில் 3: சிறுசேரி பேருந்துப் பயணி

இருவரும் விட்டுவிட்ட ஒன்று உண்டு. ஏடபிள்யூஎஸ்ஸோடு சேர்ந்து சேவை வழங்கும் நிறுவனங்களுக்கான பார்ட்னர் திட்டத்தில் ஒரு நிறுவனம் மேல்படிக்குப் போக வேண்டுமானால் சான்றிதழ் பெற்ற ஊழியர்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருக்க வேண்டும். அதனால் ஓஎம்ஆரில் உள்ள பல சேவை நிறுவனங்களுக்கு உங்கள் சான்றிதழ் உங்களைவிட அதிகம் தேவைப்படுகிறது. உங்கள் நிறுவனமும் பார்ட்னராக இருந்தால் தேர்வுக் கட்டணத்தைத் திருப்பித் தர வாய்ப்புண்டு. மேலாளரிடம் நேரடியாகக் கேளுங்கள். பணம் தந்தால் எத்தனை மாதம் விலகாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

என் சொந்த விருப்பத்தைக் கேட்டால், முதலில் லினக்ஸ் இயங்குதளத்தைப் படியுங்கள் என்பேன். ரெட் ஹாட் என்ற லினக்ஸ் நிறுவனத்தின் ஆர்எச்சிஎஸ்ஏ சான்றிதழ்த் தேர்வில் கொள்குறிக் கேள்வியே கிடையாது, உண்மையான கணினியில் வேலையைச் செய்து காட்ட வேண்டும். அதனால் மனப்பாடம் அங்கே செல்லாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மேலாளரிடம் கேட்டேன். தேர்ச்சி பெற்றால் கட்டணத்தைத் திருப்பித் தருகிறார்களாம், அதன்பின் ஓராண்டு விலகக் கூடாதாம். நான்கு ஆண்டுகளில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நூலகத்துக்குப் பகலில் வாரம் மூன்று நாள் போவதாக முடிவு செய்திருக்கிறேன். பயிற்சி நிலையத்தில் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ரசீதின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொன்னார்கள். திருப்பித் தரப்படமாட்டாது என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது.