இல்லத்தில் சேர்க்கும்போது கேட்கும் உறுதிமொழிப் பத்திரம்: எதில் கையெழுத்துப் போடலாம், எதில் கூடாது?

செவ்வந்தி:
வணக்கம். தம்பிக்கு 31 வயது. அறிவுசார் குறைபாடு, 75 சதவீதச் சான்று இருக்கிறது, வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறான். பெற்றோர் இல்லை. பக்கத்து மாவட்டத்தில் மாதக் கட்டணம் வாங்கும் ஒரு தனியார் இல்லத்தில் இடம் தருகிறார்கள். சேர்க்கும்போது பத்திரத்தில் ஒரு உறுதிமொழி எழுதிக் கேட்கிறார்கள். நாலு வரி உறுத்துகிறது. எந்த அசம்பாவிதத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல. அடங்காவிட்டால் கட்டிவைக்கவும் ஊசி போடவும் சம்மதம். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு மட்டுமே பார்க்கலாம். உதவித்தொகை வரும் கணக்கின் ஏடிஎம் கார்டை ஒப்படைக்க வேண்டும். "எல்லாரும் போடுறதுதான்" என்கிறார்கள். இதில் எது செல்லும், எது செல்லாது? வேறு என்ன பார்த்துவிட்டுச் சேர்க்க வேண்டும்?

வைப்பாறு:
பத்திரத்துக்கு முன்னால் பதிவைப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 50-ன்படி பதிவுச் சான்று இல்லாமல் யாரும் இப்படி ஓர் இல்லம் நடத்தக் கூடாது. சான்றைக் கண்ணில் படும் இடத்தில் மாட்டியிருக்கவும் வேண்டும்.

சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பதெல்லாம் இந்தச் சான்றல்ல. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த அறக்கட்டளைப் பத்திரம், வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி, தொண்டு நிறுவனங்களுக்கான தர்பன் எண் இவற்றைக் காட்டி "கவர்ன்மென்ட் ரிஜிஸ்டர்டு" என்பார்கள். அவை வரிக்கும் நன்கொடைக்கும் ஆனவை, ஆளைத் தங்கவைக்க அனுமதி இல்லை. சான்றில் முகவரி நீங்கள் நிற்கும் கட்டடத்துடையதா, பகல்நேர மையத்துக்கா தங்கும் இல்லத்துக்கா, எந்தத் தேதி வரை செல்லும் என்று படியுங்கள். சிறப்புப் பள்ளிக்கு வாங்கிய சான்றை வைத்துக்கொண்டு பெரியவர்களைத் தங்கவைக்கும் இடங்கள் உண்டு. அந்த மாவட்டத்தின் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் போய் எந்த வகை, எத்தனை பேருக்கு அனுமதி என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமை மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். கடைசியாக நடந்த ஆய்வின் அறிக்கை நகலையும் அதே மனுவில் கேளுங்கள்.

மனநோய் உள்ளவர்களையும் சேர்த்து வைத்திருந்தால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் மாநில மனநல ஆணையத்தில் தனிப் பதிவு வேண்டும். அது இருக்கிறதா என்று கேட்டாலே பல இடங்களில் பேச்சு மாறும்.

"பொறுப்பல்ல" என்ற வரி வெறும் மிரட்டல். அலட்சியத்துக்கோ குற்றத்துக்கோ முன்கூட்டியே மன்னிப்பு எழுதித் தர யாராலும் முடியாது; ஒப்பந்தச் சட்டம் பிரிவு 23 அப்படிப்பட்டதைச் செல்லாது என்கிறது. கட்டணம் வாங்குவதால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், அதுவும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே. ஆனாலும் அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். செல்லாத வரிதானே என்று விட்டால், பின்னால் ஏதாவது கேட்கும்போது முதலில் எடுத்து நீட்டுவது அதைத்தான்.

மருதாணி:
கட்டிவைக்கும் வரிதான் நாலில் மோசமானது. கையெழுத்தே போடாதீர்கள்.

மனநலச் சட்டத்தின் பிரிவு 95 சங்கிலியால் பிணைப்பதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள், சங்கிலியில் இருந்ததால் ஓட முடியவில்லை. பிரிவு 97 தற்காலிகமாகக் கட்டுப்படுத்த அனுமதித்தாலும் நிபந்தனை கடுமையானது: உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவர் ஒப்புதலோடு, முறை, காரணம், நேரம் எல்லாம் பதிவேட்டில் எழுதி, 24 மணி நேரத்துக்குள் நியமனப் பிரதிநிதிக்கு (நோயாளியின் சார்பில் முடிவெடுக்க உதவ நியமிக்கப்பட்டவர்) தெரிவிக்க வேண்டும். தண்டனையாகச் செய்யக் கூடாது. ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டவும் கூடாது. இவ்வளவும் பதிவுபெற்ற மனநல நிறுவனத்துக்கு. உங்கள் தம்பி சேரப்போவது அப்படிப்பட்ட இடம் அல்ல என்றால் கட்டுவதற்கு அவர்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அடைத்துவைப்பதும் பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா, குற்றவியல் தண்டனைச் சட்டம்) 127-ன்படி குற்றம்தான்.

ஊசி விஷயத்தில் இன்னும் கவனம். வாரம் ஒருமுறை வரும் டாக்டர் எழுதாத மருந்தை வார்டன் போடக் கூடாது. மருந்தின் பெயர், அளவு, எதற்காக, எழுதியவர் யார் என்ற பட்டியலை மாதம்தோறும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அமைதியாக வைக்க ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் மாதிரி மருந்துகளைக் கூட்டிக்கொண்டே போனால் எச்சில் ஒழுகும், கை நடுங்கும், நடை இறுகும், பகலெல்லாம் தூங்குவார். "சாதுவாயிட்டான்" என்று சொன்னால் சந்தோஷப்படும் முன் மாத்திரைச் சீட்டைக் கேளுங்கள்.

மலச்சிக்கலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர் தலையை முட்டுவார், அடிப்பார். அதற்கு ஊசி போடுவார்கள். அந்த மருந்தே சிக்கலைக் கூட்டும். இப்படி முற்றிக் குடலடைப்பில் உயிர் போவதும் உண்டு. மலம் கழித்த தேதி எழுதும் நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள்.

வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று சமையல்காரம்மாவிடமும் இரவுக் காவலரிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். சாவிக்கொத்தைக் கையில் திணிப்போம் என்றால் பயிற்சி இல்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், கடிகாரம் பார்த்து, 5 நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுவோம் என்று சொல்ல வேண்டும். சேர்க்கும் அன்று குறைந்தது 15 நாள் மாத்திரை கையில் கொடுங்கள். வலிப்பு மாத்திரை திடீரென்று நின்றால் தொடர் வலிப்பு வரலாம். புது இடத்தில் முதல் வாரம்தான் இது நடக்கும்.

கல்தூண்:
ஏடிஎம் கார்டு பற்றி. 18 வயது முடிந்தபின் கூடப்பிறந்தவர் என்ற முறையில் தம்பிக்காகக் கையெழுத்துப் போட உங்களுக்கே சட்டப்படி அதிகாரம் வராது. இல்லத்துக்கும் கிடையாது. 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், ஆட்சியர் தலைமையிலான லோக்கல் லெவல் கமிட்டியில் சட்டப் பாதுகாவலர் சான்று வாங்குங்கள். விண்ணப்பத்தை மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வயதுச் சான்று, பெற்றோரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற உடன்பிறப்புகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம் தயாராக இருக்கட்டும். பெரும்பாலும் இழுப்பது கடைசிக் காகிதம்தான், குறிப்பாகப் பூர்வீகச் சொத்து பிரியாமல் இருந்தால்.

இந்தக் கமிட்டி ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நாலுக்கு மட்டும். மனநோய்க்கு இது பொருந்தாது.

பாதுகாவலர் ஆனதும் உங்களுக்கும் கணக்கு உண்டு. 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியல், நிதியாண்டு முடிந்து 3 மாதத்துக்குள் வரவு செலவு, இரண்டையும் கமிட்டிக்குத் தர வேண்டும். சொத்தைக் கையாடினாலோ ஆளைக் கவனிக்காமல் விட்டாலோ உறவினர் மனுவின் பேரில் பிரிவு 17-ன் கீழ் நீக்கலாம். பலருக்கு இது தொந்தரவாகத் தெரிகிறது. எனக்கு இந்தச் சட்டத்திலேயே பிடித்த பகுதி இதுதான்.

சான்றைக் காட்டினால் வங்கிக் கணக்கை நீங்கள் இயக்கலாம். கட்டணத்தை மாதாமாதம் தானாகப் போகும்படி வைத்துவிடுங்கள். கைச்செலவுக்கு 300, 500 ரொக்கமாகக் கொடுத்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கார்டும் பின் நம்பரும் யாரிடமும் வேண்டாம்.

செவ்வந்தி:
எல்லோருக்கும் நன்றி. பத்திரம் தெளிவாகிவிட்டது. ஒரு பயம் பாக்கி. அவன் கோர்வையாகப் பேசமாட்டான். ஏதாவது நடந்தால் எப்படித் தெரியும்? தெரிந்தால் முதலில் எங்கே போவது? மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனு எழுதினால் போதுமா?

வைப்பாறு:
போதும். ஆணையருக்கு சிவில் கோர்ட் அதிகாரம் உண்டு, சம்மன் அனுப்பி ஆவணம் கேட்பார்.

நீர்முள்ளி:
வைப்பாறு சார் சொல்வது பதிவு, கட்டணம், பாகுபாடு மாதிரி விஷயத்துக்குச் சரி. உடம்பில் காயம் என்றால் அந்த வழி மெதுவானது. ஆணையர் தருவது பரிந்துரை, அதன் மேல் நடவடிக்கை எடுக்க அதிகாரிகளுக்கு 3 மாதம் இருக்கிறது.

அவசரத்துக்கு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் பிரிவு 7. வன்கொடுமை நடக்கிறது என்றோ நடக்கக்கூடும் என்றோ நினைக்க நியாயமான காரணம் இருந்தால் யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் தகவல் தரலாம். நம் ஊரில் அது வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்டிஓ). அவர் ஆளை மீட்கவும் பாதுகாப்பில் வைக்கவும் உத்தரவிடலாம். காவல் நிலையத்தில் "ஆர்டிஓகிட்ட போங்க" என்று அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருக்க முடியாது. பிடியாணையில்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமென்றால் வழக்குப் பதிவது அவர்கள் கடமை. புகாரில் அதே சட்டத்தின் பிரிவு 92-ஐக் குறிப்பிடுங்கள். பொறுப்பில் இருப்பவர் வேண்டுமென்றே சாப்பாடோ தண்ணீரோ மறுப்பது, சக்கர நாற்காலி மாதிரி உதவிச் சாதனத்தைப் பயன்படுத்தவிடாமல் செய்வது எல்லாம் அதில் வரும். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. பேச வராதவரின் வாக்குமூலத்தை நீதித்துறை நடுவர் பதியும்போது சிறப்புக் கல்வியாளர் உதவியோடு வீடியோவில் எடுக்க பிஎன்எஸ்எஸ் (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 183 வழி செய்கிறது. இலவச வழக்கறிஞருக்கு 15100 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். மாற்றுத்திறனாளி என்றால் வருமான வரம்பு பார்ப்பதில்லை.

எப்படித் தெரியும் என்றால், எடை. சேர்க்கும் அன்று எடுத்து எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், பிறகு மாதம் ஒருமுறை. பார்க்கப் போகும்போது நகம், உதடு, மணிக்கட்டு, கணுக்கால் பாருங்கள். கயிற்றுத் தடம் கணுக்காலைச் சுற்றி வளையமாக இருக்கும், விழுந்த சிராய்ப்பு அப்படி இருக்காது. தழும்பின் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுத்தால் அளவு தெரியும். அன்றைக்கே அரசு மருத்துவமனையில் காட்டி விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்துப் போனால் "வீட்டுல விழுந்திருப்பான்" என்பார்கள்.

பார்வை நேரத்தில்தான் பேரம் பேச வேண்டும். சாப்பாட்டு நேரம், இரவு எட்டுக்கு மேல் வேண்டாம் என்று அவர்கள் சொல்வது நியாயம். மாதம் ஒரே நாள் என்பது நியாயமில்லை, அதுவும் எந்த நாள் என்று அவர்களுக்கு முன்பே தெரிந்த ஒரே நாள். பகலில் முன்னறிவிப்பின்றி வரலாம், அவன் படுக்கும் அறை வரை போகலாம், வாரம் இருமுறை வீடியோ கால் என்று எழுதி வாங்குங்கள். இதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், மற்ற மூன்று வரியையும் அடித்துக் கொடுத்தாலும் அங்கே சேர்க்காதீர்கள்.

மருதாணி:
நீர்முள்ளி சொன்னதோடு ஒன்று. முதல் முறை போகும்போது இரவு 2 மணிக்கு எத்தனை பேர் விழித்திருப்பார்கள், அறைக் கதவு வெளியே பூட்டா, சாவி யாரிடம் என்று கேளுங்கள். இதைப் படிக்கும் பெண்பிள்ளைகளின் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை: கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வந்தால்தான் சேர்ப்போம் என்று கேட்கும் இடத்தில் மேற்கொண்டு பேசவே வேண்டாம், சம்மதமில்லாமல் பிள்ளை பெற முடியாதபடி செய்யும் சிகிச்சையைத் தடுக்கும், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் பிரிவு 10 நேரடியாகப் பொருந்தும்.