கார்லோஸ் வேலா: மெக்சிகோவுக்குக் கடன் வைத்துவிட்டுப் போனவரா?

வலதோரம்:
2025 மே மாதம் மெக்சிகோ கால்பந்து வீரர் வேலா ஓய்வை அறிவித்ததிலிருந்து ‘திறமையை வீணடித்தவர்’ என்ற பேச்சுதான் எங்கு பார்த்தாலும். எனக்கு அதில் உடன்பாடில்லை. வலது ஓரத்தில் பந்தை வாங்கி, உள்ளே வெட்டி, இடதுகாலால் சுருட்டி அடிப்பார். வருவது அதுதான் என்று எதிரணிக்குத் தெரியும், ஆனாலும் தடுக்க முடியாது. ஸ்பெயினின் ரியல் சொசியதாத் அணியில் 2013-14 சீசனில் மட்டும் 16 லீக் கோல். 2013 நவம்பரில் செல்டாவை 4-3 என்று வென்றார்களே, அந்த நான்கும் அவர் அடித்தவை. இதுவா வீண்?

ஐந்தாம்_ஆட்டம்:
கோல் கணக்கை யார் கேட்டது? 2014 உலகக் கோப்பைக்குக் கூப்பிட்டபோது வரமாட்டேன் என்றாரே, அதற்குப் பதில் சொல்லுங்கள். காயம் இல்லை, தடை இல்லை. மனதளவில் தயாரில்லையாம். மெக்சிகோவில் ஒரு பையன் உலகக் கோப்பைச் சட்டை கிடைக்குமா என்று தவம் கிடக்கிறான். இவருக்கு வீடு தேடி வந்தது, கதவைத் திறக்கவில்லை. அதற்கு முன்பு 2012 ஒலிம்பிக்ஸுக்கும் போகவில்லை. மெக்சிகோ தங்கம் வாங்கியது!

வலதோரம்:
அவர் இல்லாமலே தங்கம் வாங்கினார்கள் என்றால் அவர் போகாததால் என்ன நஷ்டம்? நீங்களே உங்கள் வாதத்துக்குக் குழி வெட்டுகிறீர்கள்.

ஐந்தாம்_ஆட்டம்:
ஒலிம்பிக்ஸை விடுங்கள். அந்த உலகக் கோப்பையின் ஃபோர்த்தலேசா ஆட்டத்துக்கு வாருங்கள். 2014 ஜூன் 29, நெதர்லாந்துடன் நாக்அவுட் ஆட்டம். ஜியோவானி தோஸ் சாந்தோஸ் கோலால் மெக்சிகோ முன்னிலை. ஒரு மணி நேரம் ஆனதும் பயிற்சியாளர் எர்ரேரா, ஜியோவை வெளியே எடுத்துவிட்டு ஹாவியர் அக்கினோவை இறக்கினார். அப்புறம் அணி மொத்தமாகப் பின்வாங்கியது. 88ஆவது நிமிடம் நெதர்லாந்தின் ஸ்னைடர் கோல், 90 நிமிடத்துக்கு மேல் சேர்த்த நேரத்தில் ஹுன்டெலார் பெனால்டி கோல், மெக்சிகோ வெளியே. அந்தப் பெனால்டிக்காக ராபன் விழுந்தது பெனால்டியே இல்லை என்று மெக்சிகோவில் இன்றும் சண்டை போடுகிறார்கள். 1994 முதல் 2018 வரை ஏழு உலகக் கோப்பையிலும் நான்காவது ஆட்டத்தோடு மூட்டை கட்டிய நாடு அது. என் பெயருக்கும் அதுதான் காரணம். அன்று பெஞ்சில் வேலா இருந்து, எதிர்த்தாக்குதலுக்கு அவரை இறக்கியிருந்தால்?

ஐந்தே மாதம் கழித்து, நவம்பரில், ஆம்ஸ்டர்டாமில் இதே நெதர்லாந்தை மெக்சிகோ 3-2 என்று வென்றது. அணிக்குத் திரும்பிய வேலாவுக்கு இரண்டு கோல். நட்பு ஆட்டத்தில்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பின்வரிசைச்_செல்வி:
இரண்டு பேரும் 2010ஐ மறந்துவிட்டீர்கள். அந்த ஆண்டு மான்டெரேயில் ஆட்டம் முடிந்து வீரர்கள் கூத்தடித்த விவகாரத்தில் கூட்டமைப்பு வேலாவையும் எஃப்ராயின் ஹுவாரெஸையும் ஆறு மாதம் தேசிய அணியிலிருந்து விலக்கி வைத்தது. கசப்பின் ஆரம்பம் அங்கேதான் என்பது என் எண்ணம். அவர் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் மூன்று வருடம் ஒருவன் ‘வேண்டாம்’ என்கிறான் என்றால் சோம்பேறித்தனம் மட்டும் காரணமாக இருக்காது.

இன்னொன்று. அவர் மெக்சிகோவின் சிவாஸ் கிளப்பின் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தார், ஆனால் முதல் அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 2005இல் பெருவில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை, ஐந்து கோல் அடித்து முதலிடம், இறுதியில் பிரேசிலை 3-0 என்று மெக்சிகோ வென்றது. உடனே இங்கிலாந்தின் ஆர்சனல் வாங்கியது. இங்கிலாந்தில் ஆட அனுமதி கிடைக்காமல் ஸ்பெயினில் சலமான்கா, ஒசாசுனா என்று லோனில் சுற்றினார். பதினாறு வயதில் ஊரைவிட்டுப் போன பையனிடம் ஊர்ப்பாசம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

ஐந்தாம்_ஆட்டம்:
செல்வி அக்கா, ஜியோவும் சிறுவயதிலேயே பார்சிலோனாவுக்குப் போனவர்தானே. அவர் வரவில்லையா?

கொடிக்கம்பம்:
வேலாவே வெளிப்படையாகச் சொன்னவர்: டிவியில் கால்பந்தைவிடக் கூடைப்பந்து பார்ப்பதுதான் பிடிக்கும் என்று. அப்படிப்பட்டவரைப் போய்க் காவியத் தலைவனாக்கி விவாதிக்கிறீர்கள். அவருக்கு அது வேலை. நன்றாகச் செய்தார், சம்பளம் வாங்கினார். 28 வயதில் அமெரிக்கா போய் அங்குள்ள எம்எல்எஸ் லீக்கில் ஓய்வூதியமும் வாங்கினார்.

வலதோரம்:
ஓய்வூதியமா? 2019இல் லாஸ் ஏஞ்சலஸ் அணியான எல்ஏஎஃப்சிக்காக 34 கோல், எம்எல்எஸ் வழக்கமான சீசனில் சாதனை. கூடவே 15 அசிஸ்ட். லீக் தரம் குறைவு என்பீர்கள். சரி, 2020இல் மெக்சிகோ அணிகளுக்கு எதிராகவே பாருங்கள்: வட, மத்திய அமெரிக்க கிளப்புகளுக்கான கான்ககாஃப் சாம்பியன்ஸ் லீக்கில் லெயோனுக்கு எதிராக இரண்டு, மெக்சிகோவின் ‘கிளப் அமெரிக்கா’ அணிக்கு எதிராக இரண்டு.

கொடிக்கம்பம்:
அப்போது எல்ஏஎஃப்சியின் ஊர் எதிரியான கேலக்சியில் ஆடிய இப்ராஹிமோவிச் கேட்டது நினைவிருக்கிறதா? வேலாவுக்கு வயது என்ன, 29 என்றால் அந்த வயதில் நான் எங்கே இருந்தேன், ஐரோப்பாவில். திமிர்ப் பேச்சுதான், ஆனால் கேள்வி சரி.

வலதோரம்:
அவர் பேசிய அதே 2019இல், பிளே-ஆஃபில் எல்ஏஎஃப்சி 5-3 என்று கேலக்சியை வெளியேற்றியது. வேலாவுக்கு இரண்டு.

கொடிக்கம்பம்:
அடுத்த சுற்றிலேயே சியாட்டிலிடம் 3-1 தோல்வி. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

பின்வரிசைச்_செல்வி:
2018 உலகக் கோப்பைக்கு வந்தாரே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஜெர்மனியை வென்ற அணியில் இருந்தார், தென் கொரியாவுக்கு எதிராகப் பெனால்டி போட்டார். பிரேசிலிடம் தோற்ற பிறகு மறுபடி ஒதுங்கிக்கொண்டார், அவ்வளவுதான். மொத்தம் 72 ஆட்டம், 19 கோல். கம்மிதான். ஆனால் பூஜ்யம் இல்லை.

ஐந்தாம்_ஆட்டம்:
நேற்று ராத்திரி வலதோரம் சொன்னதற்காகவே 2019 காணொளிகளைத் தேடிப் பார்த்தேன். சான் ஹோசேவுக்கு எதிரான அந்தத் தனி ஓட்ட கோல். ஆட்களை ஒவ்வொருவராகக் கழித்துக் கட்டிவிட்டு, கோல்கீப்பரையும் தரையில் உட்கார வைத்துவிட்டு, ஏதோ கடைக்குப் போய் வந்தவர் மாதிரி உள்ளே தட்டிவிடுகிறார். நாலு தடவை பார்த்தேன்.

உங்கள் கட்சிக்கு வந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கோபம் இன்னும் கூடித்தான் இருக்கிறது.

வலதோரம்:
ஐந்தாவது தடவை பாருங்கள் அண்ணா.