கொம்பேறி மூக்கனுக்கு வைத்த பொய்ச் சிதை

எங்கள் ஊர் திருவண்ணாமலை பக்கம். அங்கே எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார்: கொம்பேறி மூக்கன் பாம்பு கடித்தால் நேராகச் சுடுகாட்டுக்குப் போய் மரக்கொம்பில் ஏறிக்கொள்ளும், கடிபட்டவன் எரிவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இறங்கும்.

எனக்குப் பத்து வயதில், பக்கத்து வீட்டுச் சித்தப்பாவை அது கடித்தது. முருங்கைக்காய் பறிக்க ஏறியவர் கையை உதறிக்கொண்டே இறங்கினார். புறங்கையில் குண்டூசியால் இழுத்தது போல் வரிசையாகச் சின்னச் சின்னக் கீறல்கள். அன்று சாயங்காலமே பெரியவர்கள் சுடுகாட்டில் இரண்டு கட்டு வைக்கோலைப் போட்டுக் கொளுத்தினார்கள். பாம்பு அதைப் பிணம் என்று நம்பி இறங்கிப் போய்விடுமாம். பிள்ளைகள் நாங்கள் தூரத்தில் நின்று புகையைப் பார்த்தோம். சித்தப்பா ராத்திரி களி தின்றுவிட்டு நன்றாகத் தூங்கினார். வைக்கோல்தான் காப்பாற்றியது என்று ஊரே நம்பியது. நானும்தான்.

ஓணான், பல்லி, தவளை பிடித்துத் தின்னும் அந்த ஒல்லிப் பாம்பால் மனிதனுக்கு ஆபத்தே கிடையாது. அது எனக்குத் தெரிய ரொம்ப வருஷம் ஆனது.

நிஜமான விஷம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது யாரும் அதைப் பாம்பென்றே நினைக்கவில்லை. ஐப்பசி மழை. அத்தை கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தார். நடு ராத்திரியில் எழுந்து, "அண்ணி, வயிறு பிசையுது" என்றார். அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார். விடிவதற்குள் அத்தைக்கு இமை தூக்க முடியவில்லை, பேச்சு குழறியது. கடித்த வலி இல்லை, வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை. அப்பா பாயைச் சுருட்டியபோதுதான் அடியில் கிடந்ததைப் பார்த்தோம். மினுமினுக்கும் கறுப்பு உடம்பில் நூல் போல வெள்ளை வளையங்கள், இரண்டிரண்டாக. கட்டு விரியன்.

மந்திரிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அப்பா காதில் வாங்காமல் வேன் பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். நரம்பு சொல்வது தசைக்குப் போய்ச் சேராமல் தடுத்துவிடும் விஷம் அது. முதலில் இமை, அப்புறம் நாக்கு, கடைசியில் மூச்சு. விஷமுறிவு மருந்து கொடுத்து, குழாய் வைத்து இயந்திரத்தால் மூச்சு விட வைத்தார்கள். நான்காம் நாள்தான் அத்தை கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தார்.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டு போனதில்தான் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியைப் பார்த்தேன். முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, 1978இல் தொடங்கியது. அதற்கு முன் இருளர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்தது, அப்புறம் தோல் ஏற்றுமதியும் நின்றது, பிழைப்பு போயிற்று. ஆனால் மண்ணில் கிடக்கும் தடத்தையும் எச்சத்தையும் பார்த்து எந்த வளையில் எது இருக்கிறது என்று சொல்லும் அறிவு போகவில்லை. இன்று அதே கண்ணும் கடப்பாரையும்தான் நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் உயிரோடு கொண்டுவருகின்றன. மணல் போட்ட மண்பானையில் வைத்துச் சில முறை விஷம் எடுத்துவிட்டு, காட்டிலேயே திரும்ப விடுகிறார்கள். அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து மருந்து செய்கிறார்கள். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தபோது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சொந்தக்காரருக்குக் கிடைத்த மாதிரி சந்தோஷம்.

அங்கே இருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன்: "ஐயா, கொம்பேறி மூக்கன் சுடுகாட்டு மரத்துல வந்து உக்காருமா?"

"உக்காரும் தம்பி. சுடுகாட்டுலயும் மரம் இருக்குது, மரத்துல ஓணான் இருக்குது. அதுக்கு வேற என்ன வேணும்?"

அத்தை கதையை முழுசாகக் கேட்டார். பிறகு, "இன்னமும் தரையிலதான் படுக்கிறாங்களா?" என்றார்.

"இல்லைங்க. கட்டில் வாங்கிட்டோம். கொசுவலையை மெத்தைக்கு அடியில செருகிடுவோம்."

தலையாட்டிவிட்டு, பானை வாயில் துணியை மறுபடி இறுக்கிக் கட்டினார்.