வீட்டுத் தாஸ்கா (குழந்தைப் பராமரிப்பு இடம்): மாதம் 500 ரிங்கிட்டில் முடியுமா? (சுங்கை ஆரா, பினாங்கு)

சுங்கைஆரா_அம்மா:
பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் காலை 7 முதல் மாலை 7 வரை, வாரம் ஐந்து நாள் ஷிப்ட். ஐந்து குடும்பம், எட்டுப் பிள்ளைகள்: ஒரு வயதுக்குக் கீழே மூன்று, ஒன்றிலிருந்து மூன்றுக்குள் ஐந்து. அதே அடுக்குமாடியில் ஆன்ட்டி ஒருத்தர் தன் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளத் தயார், உதவிக்கு இன்னொருவர் வருவார். பிள்ளைக்கு 500 போதுமா? பதிவு கட்டாயமா?

கணக்கர்77:
போதாது. 1984 குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி, வெவ்வேறு குடும்பத்துப் பிள்ளைகள் (நாலு வயதுக்குக் கீழே) நாலு பேரைக் கூலிக்குப் பார்த்தாலே சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். ஒன்பது வரை வீட்டுத் தாஸ்கா, பத்தைத் தொட்டால் வேறு வகை.

விகிதம்தான் செலவைத் தீர்மானிக்கும். ஒரு வயதுக்குள் மூன்று பிள்ளைக்கு ஒருவர், மூன்று வயது வரை ஐந்துக்கு ஒருவர். ஆக எந்நேரமும் இரண்டு பேர் இருக்கணும். 7 மணிக்கு வேலை என்றால் 6:30க்கே பிள்ளையை விடுவீர்கள், எடுப்பது 7:30. வாரத்துக்கு 13 × 5 × 2 = 130 ஆள்மணி. ஓவர்டைம் இல்லாமல் ஒருவருக்கு 45 மணிதான். மூன்றாவது ஆள் இல்லாமல் நடக்காது.

குறைந்தபட்சச் சம்பளம் 1,700, இபிஎஃப் (சேமநிதி) 13 விழுக்காடு, சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) எல்லாம் சேர்த்து ஆளுக்குச் சுமார் 1,950. மூவருக்கு 5,850. எட்டால் வகுத்தால் 730, சாப்பாடும் கரண்டும் தனி. (ஆன்ட்டிக்கு 60 தாண்டியிருந்தால் முதலாளி பங்கு இபிஎஃப் 4 விழுக்காடுதான், கொஞ்சம் இறங்கும்.) எல்லாருக்கும் ஒரே கட்டணம் வைக்காதீர்கள். கைக்குழந்தைக்கு 850, ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு 680 என்றால் 5,950 வரும், அதுவும் சம்பளத்தைத் தாண்டி நூறுதான்.

சுங்கைஆரா_அம்மா:
தாஸ்கா கட்டணத்துக்கு வரிக்கழிவு 3,000 இருக்கிறதே?

கணக்கர்77:
அது கையில் வரும் காசு இல்லை. 3 விழுக்காடு வரி கட்டுபவருக்கு மிச்சம் 90 ரிங்கிட், 6 விழுக்காட்டில் 180. அதுவும் ஆண்டுக்கு! கணவன் மனைவியில் ஒருவர்தான் கோரலாம், பதிவு பெற்ற இடத்து ரசீது வேண்டும். முதலாளி கொடுக்கும் குழந்தைப் பராமரிப்புப் படிதான் கனமானது: ஆண்டுக்கு 3,000 வரை வரி கிடையாது, மாதம் 250. ஐந்து குடும்பமும் ஒன்றாக எச்ஆரிடம் கேளுங்கள். அது கிடைத்தால் ஒரு பிள்ளை உள்ள வீட்டுக்கு 730 இறங்கி 480 ஆகும், இரண்டு பிள்ளை என்றால் அந்த அளவுக்கு இறங்காது.

தாஸ்கா_பினாங்கு:
இலாகாவுக்குப் போகுமுன் இடத்தை அளந்து பாருங்கள். பிள்ளைக்கு 3.5 சதுர மீட்டர், எட்டுக்கு 28. அலமாரி, சோபா நிற்கும் இடத்தைக் கழித்தால் பல அடுக்குமாடி ஹாலில் அவ்வளவு தேறாது, ஒரு அறையையும் திறந்துவிட வேண்டியிருக்கும். அடுக்குமாடி நிர்வாகத்தின் எழுத்துச் சம்மதத்தை முதலில் வாங்குங்கள். பொம்பா (தீயணைப்புத் துறை), மாநகராட்சி மன்றம் எல்லாம் முடிந்தபின் இந்தச் சம்மதம் கிடைக்காமல் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. சமைப்பவருக்கு டைபாய்டு ஊசி, உணவு கையாளும் பயிற்சி. பராமரிப்பாளருக்குக் கேஏபி எனும் குழந்தைப் பராமரிப்புப் பயிற்சி.

தாய்ப்பால் போத்தலில் பெயர், தேதி, கறந்த நேரம் எழுதி ஒட்டுங்கள். குளிர்பெட்டியில் நாலு நாள், வெளியே நாலு மணி நேரம். ஒருமுறை சூடாக்கியதை மறுபடி சூடாக்கக் கூடாது. தூங்க வைப்பது மல்லாக்கத்தான், பக்கத்தில் தலையணை வேண்டாம்.

தகராறு வருவது பணத்தில் இல்லை, கை கால் வாய் நோய் வந்து தாஸ்காவை மூடும்போது. மூடியிருக்கும் நாளுக்குக் கட்டணம் உண்டா, சம்பளம் உண்டா என்பதை முதல் மாதமே எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.