கதிருக்கு ஒரு சூஜோ வழித்துணை: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

[காலை 7.10] கதிர்: மீனாக்கா, அத்தான், வணக்கம். சீனாவின் சூஜோ நகரத்து நிறுவனத்திலிருந்து வேலை அனுமதி அறிவிப்புக் கடிதம் நேற்று வந்துவிட்டது. விசா கிடைத்தால் அடுத்த மாதம் மூன்றாம் வாரம் புறப்பட்டுவிடுவேன். வந்து இறங்கிய முதல் பத்து நாளில் எதை முதலில் செய்ய வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம் என்று அங்கேயே வசிக்கும் நீங்கள் எழுதினால் அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்வேன். பெரியப்பாவும் குழுவில் இருப்பதால் முழு வாக்கியங்களில் கேட்டிருக்கிறேன்.

[காலை 7.16] பெரியப்பா: கேள்வி நன்று. ஆனால் நீ இன்னும் தென்காசியில்தான் இருக்கிறாய். ஆகவே ‘போய் இறங்கிய’ என்று எழுதுவதே முறை. ‘வந்து இறங்கிய’ என்று மீனா எழுதலாம்.

[காலை 7.31] அம்மா: மீனா, இவனிடம் ஒரு கறிவேப்பிலைக் கன்றையும் இரண்டு கிலோ நெய்யையும் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். உனக்கும் சேர்த்துத்தான். வேறு என்ன வேண்டும் என்று சொல்.

[காலை 9.02] மீனாக்கா: இப்போதுதான் இந்திய சிம்மின் ரோமிங்கைத் திறந்தேன், உங்கள் செய்திகள் எல்லாம் ஒரே கொத்தாக வந்து விழுகின்றன. சீன சிம்மில் வாட்ஸ்அப்பும் கூகுளும் யூடியூபும் திறக்காது என்பதால், காலையில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும்தான் நான் இந்தக் குழுவுக்குள் வருகிறேன். சித்தி, கன்று வேண்டவே வேண்டாம். செடி, விதை, பச்சைக் காய், பழம் எதையும் பையில் கொண்டுவர இங்கே அனுமதி இல்லை. வெண்ணெய், பாலாடைக்கட்டி போன்ற பால் பொருள்களும் அந்தப் பட்டியலில் இருப்பதால் நெய்யையும் விட்டுவிடுங்கள். நீங்கள் அரைக்கும் சாம்பார்ப் பொடியைக் கொடுத்தனுப்பினால் போதும்.

[காலை 9.09] மீனாக்கா: கதிர், முதலில் கைப்பேசியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆட்டோவுக்குக் கொடுப்பது போல இங்கே எல்லாவற்றுக்கும் யூபிஐயை நீட்ட முடியாது; விசாட், அலிபே என்ற சீனச் செயலிகள் இரண்டில் ஒன்று இல்லாமல் கீரைக்கட்டு வாங்குவதுகூடச் சிரமம். வாட்ஸ்அப்பை இந்த ஊர் தடுத்து வைத்திருக்கிறது. விசாட்டை 2020 ஜூன் மாதம் நம் ஊர் தடை செய்த 59 சீனச் செயலிகளில் ஒன்றாக முடக்கிவிட்டது. இரண்டு ஊருக்கும் நடுவில் நிற்கும் நம்மைப் போன்ற குடும்பங்கள்தான் இரண்டு சிம்மோடு திண்டாடுகின்றன. புதிதாக விசாட் கணக்கு தொடங்கும்போது ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் தம் கைப்பேசியில் குறியீட்டை ஸ்கேன் செய்து உனக்காக உறுதி சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், அலுவலகத்து ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது அதைச் செய். சீன வங்கிக் கணக்கு திறக்கும் வரைக்கும் உன்னுடைய விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை அலிபேயில் இணைத்துச் செலவு செய்யலாம். ஒரு முறைக்கு 200 யுவான் வரை கட்டணம் இல்லை, அதற்கு மேல் போனால் 3 சதவீதம் பிடிப்பார்கள். ஒரு யுவான் எத்தனை ரூபாய் என்று அன்றைய மதிப்பைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொள். இந்திய சிம்மை மட்டும் சாகவிடாதே, ஏனென்றால் நம் வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும்.

[காலை 9.15] கதிர்: ரொக்கம் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாமா, அக்கா?

[காலை 9.17] மீனாக்கா: தாராளமாக வைத்துக்கொள். ரொக்கத்தை மறுப்பது இங்கே விதிக்குப் புறம்பு. ஆனாலும் நூறு யுவான் நோட்டை நீட்டினால் சில்லறைக்காகப் பக்கத்துக் கடைக்கு ஓடுவார்கள்; அந்தச் சங்கடத்தை நீ பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

[காலை 9.30] மீனாக்கா: இனி எழுதப்போவதை அச்செடுத்து இரண்டு படிகள் வைத்துக்கொள். நம் குடும்பத்தில் எல்லோருக்கும் உள்ள பெயர்ச் சிக்கல் இது. என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. இயற்பெயர்க் கட்டத்தில் ‘மீனாட்சி சண்முகம்’ என்று இரண்டும் சேர்ந்து இருக்கின்றன. நான் வந்த முதல் வாரத்தில் சிம் வாங்கிய கடையில் அதை அப்படியே, நடுவில் இடைவெளி விட்டு, தட்டிக்கொண்டார்கள். வங்கிக்குப் போனால், குடும்பப் பெயர் இல்லாத மனுஷி ஒருத்தி இருக்க முடியாது என்று அந்த ஊழியர் முடிவு செய்து, அப்பா பெயரை முன்னால் தூக்கிப் போட்டு, இடைவெளியே இல்லாமல் ‘சண்முகம்மீனாட்சி’ என்று பதிவு செய்துவிட்டார். அட்டை கைக்கு வந்தது, பணமும் கணக்கில் இருந்தது. ஆனால் அதைக் கைப்பேசியோடு இணைக்கப் போனால் ‘விவரம் பொருந்தவில்லை’ என்ற ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வந்தது. வங்கியில் இருக்கும் பெயர், சிம் எடுத்த பெயர், செயலியில் நான் எழுதும் பெயர் மூன்றும் எழுத்துக்கு எழுத்து, இடைவெளிக்கு இடைவெளி ஒன்றாக இருந்தால்தான் கதவு திறக்கும்.

[காலை 9.38] மீனாக்கா: அந்த ஓர் இடைவெளிக்காக மூன்று முறை அந்தக் கிளையின் படியேறினேன். மூன்றாம் முறை இருந்த இளம்பெண் கடவுச்சீட்டைத் தலைகீழாகப் பார்க்காத குறைதான். கடைசியில் பக்கத்தின் அடியில், வரிசையாக அம்புக்குறிகள் நிற்கும் இரண்டு வரிகளில் மேல் வரியின் மேல் விரலை வைத்து, ஓர் அம்புக்குறி நிற்கும் இடத்தில்தான் இடைவெளி வரவேண்டும் என்று கண்டுபிடித்தாள். ஐந்து நிமிடத்தில் திருத்தம் முடிந்தது. ஆகவே நீ பெயரை அந்த வரியில் உள்ளபடி பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போ. எந்தக் கவுன்டரிலும் கையெழுத்துப் போடும் முன் அவர்களுடைய திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார். அலுவலகத்தில் உனக்கு அழகாக ஒரு சீனப் பெயர் வைப்பார்கள். கூப்பிடுவதற்கு அது இருக்கட்டும். எந்தப் படிவத்திலும் ஏற்றிவிடாதே.

[காலை 9.44] அத்தான்: இதில் நான் ஒன்று சேர்க்கிறேன். கதிர், உன் கடவுச்சீட்டு ஒன்றிரண்டு ஆண்டில் காலாவதியாகும் என்றால் விசா ஒட்டும் முன்பே ஊரில் புதுப்பித்துக்கொள். இங்கே வங்கி, சிம், ரயில் பயணச்சீட்டுக் கணக்கு, தங்கும் அனுமதி எல்லாமே கடவுச்சீட்டு எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. எண் மாறினால் ஒவ்வொரு வாசலிலும் போய்ப் பழைய ஆளும் புதிய ஆளும் ஒருவனே என்று மெய்ப்பிக்க வேண்டும். எனக்கு ஒரு விடுமுறை முழுவதும் அதிலேயே போயிற்று.

[காலை 9.52] அத்தான்: அடுத்தது காவல் நிலையம். பெயரைக் கேட்டுச் சித்தி பயப்பட வேண்டாம், தங்குமிடப் பதிவுக்காகத்தான். ஹோட்டலில் இருக்கும்வரை அவர்களே பதிவு செய்துவிடுவார்கள். வாடகை வீட்டுக்கு மாறிய 24 மணி நேரத்துக்குள் நீ பதிந்துகொள்ள வேண்டும். தவறினால் 2,000 யுவான் வரை தண்டம் போடச் சட்டத்தில் இடம் உண்டு. வாடகை ஒப்பந்தமும் வீட்டுக்காரரின் ஆவணப் படியும் தேவைப்படும் என்பதால், அவற்றைத் தரச் சம்மதிக்காத வீட்டுக்காரரின் வீட்டை, சன்னலுக்கு வெளியே கால்வாயே தெரிந்தாலும், எடுக்காதே. வாடகை பெரும்பாலும் ‘யா யீ ஃபூ சான்’ முறையில் இருக்கும்: ஒரு மாதம் முன்பணம், மூன்று மாத வாடகை மொத்தமாக. ஆக நான்கு மாதப் பணமும் தரகரின் கூலியும் முதல் நாளே கையில் வேண்டும். நிறுவனத்திடம் முன்பணம் கேட்க வெட்கப்படாதே.

[காலை 9.58] அத்தான்: நாட்டுக்குள் நுழைந்த 30 நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதை நிறுவனத்தில் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் அதற்காகக் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டால் பல நாட்கள் அது உன் கையில் இருக்காது. அதனால் சிம்மையும் வங்கிக் கணக்கையும் அதற்கு முன்பே முடித்துவிடு. அவர்கள் தரும் ரசீதை உயிர்போலக் காப்பாற்று.

[காலை 10.20] அம்மா: எல்லாம் சரி. இவன் அங்கே என்ன சாப்பிடுவான்? சைவம் என்று சொன்னால் புரிந்துகொள்வார்களா?

[இரவு 7.35] மீனாக்கா: சித்தி, ‘வோ ச்சி சூ’ என்று சொன்னால் சைவம் என்று புரிந்துகொள்வார்கள். ஆனால் சாதாரண உணவகத்தில் வெறும் கீரை வதக்கல் கேட்டாலும் பன்றிக் கொழுப்பில் வதக்கியோ, மேலே கொத்திய இறைச்சியைத் தூவியோ கொண்டுவந்து வைத்துவிடக்கூடும். அவர்கள் கணக்கில் அது கீரைதான். பௌத்த சைவ உணவகங்களில் அந்தப் பயம் இல்லை, பல இடங்களில் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை. இந்த ஊர்ச் சமையலில் எல்லாவற்றிலும் சர்க்கரை விழும் என்பதை மட்டும் கதிர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

[இரவு 7.44] மீனாக்கா: வீட்டில் சமைத்தால் குறையே இல்லை. எங்கள் தெருமுனைக் காய்ச்சந்தையில் பாகற்காய், வெண்பூசணி, காராமணிக்காய், சேப்பங்கிழங்கு, தண்டுக்கீரை எல்லாம் குவிந்து கிடக்கின்றன. விலை கிலோவுக்கு அல்ல, ‘ஜின்’னுக்கு, ஒரு ஜின் என்பது அரைக் கிலோ. காய் விற்கும் வயதான அம்மாவை எல்லோரும் ‘ஆயி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல் நாள் அதைக் கேட்டதும் நம் ஊருக்கே வந்துவிட்டேனோ என்று ஒரு கணம் நின்றுவிட்டேன். அன்றைக்குக் கீரைக்கு விலை கேட்டபோது அந்த ஆயி கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் நீட்டிக் காட்டினார். இரண்டு விரல்தானே என்று நான் இரண்டு யுவான் அனுப்பினேன். அவர் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து மறுபடி அதே விரல்களை நீட்ட வைத்தார். இங்கே அது எட்டு. கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் ஆறு. ஆறிலிருந்து பத்து வரை ஒரே கையில் காட்டிவிடுவார்கள் என்பதால், கதிர் அதை விமானத்திலேயே பழகிக்கொள்ளட்டும்.

[இரவு 7.49] அம்மா: மாவு புளிக்கிறதா?

[இரவு 7.56] மீனாக்கா: அந்தக் கதையைக் கேட்காதீர்கள், சித்தி. ஹுவாய் ஆற்றுக்கு வடக்கே உள்ள ஊர்களில் குளிர்காலத்தில் வீடு முழுக்க வெந்நீர்க் குழாயால் சூடேற்றுகிறார்கள். நாங்கள் ஆற்றுக்குத் தெற்கே இருப்பதால் அந்தக் கொடுப்பினை இல்லை. சனவரியில் வெளியே பூச்சியத்தை ஒட்டி நிற்கும் குளிர், ஈரத்தோடு அப்படியே அடுப்படிக்குள்ளும் உட்கார்ந்திருக்கும். முதல் ஆண்டு மூன்று நாள் காத்திருந்தும் மாவு கல்லுப் போல இருந்தது. இப்போது படுக்கைக்கு அடியில் விரிக்கும் மின் விரிப்பை மிகக் குறைந்த சூட்டில் போட்டு, பாத்திரத்தை அதன் மேல் வைத்து, கம்பளியால் மூடிவிடுகிறேன். விடியும்போது மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. உளுந்து விசாட்டிலேயே இந்திய மளிகை விற்பவர்களிடம் கிடைக்கும். அரிசிதான் பார்த்து வாங்க வேண்டும்: இவர்கள் விரும்பிச் சாப்பிடும் குண்டரிசியில் பசை அதிகம், இட்லி களியாகிவிடும். ‘சியன்மீ’ என்று கேட்டால் நம் அரிசி வகை வரும்.

[இரவு 8.05] பெரியப்பா: 1963-இல் தொடங்கிய சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்புக்கு நானும் உன் தந்தையும் வாரம் ஒரு கடிதம் எழுதிய காலம் நினைவுக்கு வருகிறது. அறிவிப்பாளர்கள் சீனர்கள், பெயர்களோ நல்ல தமிழ்ப் பெயர்கள். அவர்கள் தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். நம் பிள்ளைகளின் பெயரோ அங்கே ஓர் இடைவெளிக்காக அல்லாடுகிறது.

[இரவு 8.11] அம்மா: உடம்புக்கு முடியாமல் போனால் யாரிடம் போவான்?

[இரவு 8.18] அத்தான்: அரசு மருத்துவமனைக்கே போகலாம், சித்தி. கடவுச்சீட்டைக் காட்டிப் பதிந்து, நேரே அந்தந்தத் துறை மருத்துவரிடம் போக வேண்டியதுதான். ஒவ்வொரு சோதனைக்கும் முன்கூட்டியே பணம் கட்ட வேண்டும் என்பதால் மாடிக்கும் கீழுக்கும் அலைச்சல் உண்டு. முடிவுகள் பெரும்பாலும் அன்றைக்கே கைப்பேசிக்கு வந்துவிடும். முதல் முறை நான் கூடப் போகிறேன். கதிர், ஊரில் வாங்கிய பவர் பேங்க்கை நம்பி வராதே. 2025 ஜூன் 28 முதல் சீன உள்நாட்டு விமானங்களில் 3சி என்ற சீனத் தர முத்திரை இல்லாததை ஏற்றுவதில்லை.

[இரவு 8.40] கதிர்: அக்கா, அத்தான், இரண்டு பேருக்கும் நன்றி. இப்போது கடவுச்சீட்டை எடுத்துப் பார்த்தேன். எனக்கும் குடும்பப் பெயர்க் கட்டம் காலிதான். அடியில் உள்ள மேல் வரியில் கதிரவனுக்கும் சுப்பையாவுக்கும் நடுவில் ஒரே ஓர் அம்புக்குறி நிற்கிறது. ஆகவே தாளில் இப்படி எழுதிவிட்டேன்: கதிரவன், ஓர் இடைவெளி, சுப்பையா.

[இரவு 8.42] பெரியப்பா: ‘ஒரு இடைவெளி’ என்று எழுதாமல் ‘ஓர் இடைவெளி’ என்று எழுதினாய். போய் வா.