மறு: ஓஎஸ்/2 மேசைத்தளம் – பொருள்நோக்கா, பொருள்முதலா?

அனைவருக்கும் வணக்கம். ஐபிஎம்மின் ஓஎஸ்/2 இயங்குதளத்து மேசைத்தளத்தில் வரும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் என்ன போடலாம் என்ற நம் பேச்சுக்கு என் பதில் இது. முதலில் 'ஆப்ஜெக்ட்-ஓரியண்டட்' என்ற சொல்.

> நிரலாக்கத்தில் 'பொருள்நோக்கு' நிலைத்துவிட்டது. இடைமுகத்துக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமே?

வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு சங்கதி. நிரலாக்கத்தில் பொருள்நோக்கு என்பது நிரலை எப்படிப் பகுத்து எழுதுகிறோம் என்பது. பயனருக்கு அது தெரியவே வேண்டாம். இடைமுகத்தில் அது பயனர் முதலில் எதைத் தொடுகிறார் என்பது. வழக்கமான முறையில் முதலில் செயலியைத் திறக்கிறோம், அப்புறம் அதற்குள் போய்க் கோப்பைத் தேடுகிறோம். 1981-இல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினி இதைத் திருப்பிப் போட்டது. ஆவணம் திரையிலேயே கிடக்கும். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நகர்த்து, நகலெடு, பண்புகளைக் காட்டு என்று சொல்ல வேண்டும். இவற்றுக்கு விசைப்பலகையில் தனி விசைகளே இருந்தன. எந்தச் செயலி ஓடுகிறது என்ற கேள்வியே பயனருக்கு எழாது.

எனவே என் பரிந்துரை 'பொருள்முதல் இடைமுகம்'. முதலில் பொருள், பிறகு வினை. 'கோப்பைத் திற' என்று நாம் பேசுகிற வரிசையும் இதுதான். செயப்படுபொருள் என்ற இலக்கணச் சொல்லிலேயே அந்தப் 'பொருள்' உட்கார்ந்திருக்கிறது. பொருள்முதல்வாதம் நினைவுக்கு வந்து யாராவது தத்துவச் சண்டைக்கு வரலாம். வரட்டும், 'இடைமுகம்' என்று பின்னால் சேர்ந்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

'பொருள்நோக்கு' என்பதையும் தூக்கிப்போட வேண்டாம். 1992-இல் ஐபிஎம் வெளியிட்ட ஓஎஸ்/2 2.0-இன் வொர்க்பிளேஸ் ஷெல் என்ற மேசைத்தள இடைமுகத்தில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. அதில் கோப்புறை, நிரல், அச்சுப்பொறி, ஏன், மேசைத்தளமே கூட ஒரு வகுப்பின் (ஒரே வகைப் பொருள்களுக்கான நிரல் வரையறை) உறுப்புதான். மேசைத்தள வகுப்பு கோப்புறை வகுப்பிலிருந்து பிறந்தது. மேலே போனால் எல்லாவற்றுக்கும் ஒரே மூதாதை வகுப்பு. அடியில் எஸ்ஓஎம் (சிஸ்டம் ஆப்ஜெக்ட் மாடல்), அதாவது இந்த வகுப்புகளை வரையறுத்து இணைக்கும் பொதுக் கட்டமைப்பு. நிரலர் ஒருவர் கோப்புறை வகுப்பிலிருந்து புதிய வகுப்பை உருவாக்கி, பழையதன் இடத்தில் பதிவு செய்துவிடலாம். ஷெல்லின் மூலநிரல் கையில் இல்லாமலே எல்லாக் கோப்புறைகளின் பட்டியலிலும் அவருடைய புதுக் கட்டளை வந்து நிற்கும். இங்கே 'பொருள்நோக்குக் கட்டமைப்பு, பொருள்முதல் பயன்பாடு' என்று இரண்டு சொற்களையும் எழுதினால்தான் நடப்பது புரியும். ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டால், வெளியே மட்டும் பொருள்முதலாகத் தெரிகிற அமைப்புகளைப் பிரித்துச் சொல்ல வழியில்லை.

> ஷேடோவுக்குக் 'குறுக்குவழி' போதுமே. விண்டோஸ் பழகியவர்களுக்கு உடனே புரியும்.

இதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. ஷேடோ என்பது ஓஎஸ்/2-இல் ஒரு பொருளை இன்னோர் இடத்திலிருந்தும் அணுக வைக்கும் படவுரு. விண்டோஸ் 95-இன் குறுக்குவழி ஒரு தனிக் கோப்பு. அதற்கென்று பண்புகள் உண்டு. மூலத்தை அழித்தாலும் அது அங்கேயே கிடந்து, சொடுக்கினால் காணவில்லை என்று புலம்பும். ஷேடோ அப்படியல்ல. அதன் பண்புகளைத் திறந்தால் மூலத்தின் பண்புகளே திறக்கும். மேசைத்தளத்தில் மூலத்தை வேறு கோப்புறைக்கு இழுத்துப் போட்டாலும் தொடர்பு அறாது. ஷேடோவை அழித்தால் மூலத்துக்கு ஒன்றும் ஆகாது, மூலத்தை அழித்தால் ஷேடோவும் போய்விடும். இவ்வளவும் 'நிழல்' என்ற ஒரே சொல்லில் அடங்கியிருக்கும்போது 'வழி' எதற்கு? சாளரத்துக்கு அழகுக்காகப் போடும் நிழலோடு மோதும் என்று ஒருவர் எழுதியிருந்தார். 'நிழல் உருவாக்கு' என்று கோப்பின் பட்டியலில் பார்ப்பவர் அப்படிக் குழம்புவார் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்னொரு பரிந்துரையான 'ஆடிப்பாவை' (கண்ணாடியில் தெரியும் உருவம்) அழகான சொல்தான், ஆனால் பட்டியலில் வைத்தால் கவிதை மாதிரி இருக்கும். மேகின்டாஷில் இதுபோன்ற வேலையைச் செய்யும் ஏலியஸுக்கு 'மாற்றுப்பெயர்' இருக்கட்டும், அதை இதில் கலக்க வேண்டாம்.

டெம்ப்ளேட்டுக்கு 'வார்ப்புரு' போதும். இங்கே அதை இழுத்தால், தினசரி காலண்டரில் தாள் கிழிப்பதுபோல ஒரு புதுப் பொருள் கையோடு வரும். ஆப்பிள் லிசா கணினியிலும் 1983-இலேயே இப்படித்தான். அதற்காகக் 'கிழிதாள்' என்று புதிதாகப் படைப்பது வீண் வேலை.

ஷ்ரெட்டர்தான் மிச்சம். மேசைத்தளத்தில் இருக்கும் இந்தப் படவுருவின் மேல் எதைப் போட்டாலும் அழிந்துவிடும், உள்ளே கைவிட்டு எடுக்க முடியாது. அதனால் 'குப்பைத்தொட்டி' ஒத்துவராது. 'அழிப்பான்' என்றால் பள்ளிக்கூட ரப்பர். நான் 'கிழிப்பான்' என்கிறேன். அலுவலகங்களில் காகிதத்தைப் பொடியாக்கும் அந்த இயந்திரத்துக்கு உங்கள் பக்கம் வேறு சொல் புழங்கினால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.