குரலைக் கேட்டு மட்டும் பியூப்ரினார்ஃபின் எழுதலாமா?

பொருநை:
"முகத்தைக்கூடப் பார்க்காமல் தொலைபேசியில் பியூப்ரினார்ஃபின் எழுதிக் கொடுப்பவர் மருத்துவர் அல்லர், மருந்து வியாபாரி" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். மேற்கு வர்ஜீனியாவில் ஓபியாய்டு எனும் அபின் வகைப் பொருள்களுக்கு அடிமையானவர்களுக்கு இம்மருந்தால் மருத்துவம் பார்க்கும் எனக்கு அதைப் படித்து மனம் கொதிக்கிறது. கொரோனா முடக்கம் தொடங்கிய 2020 மார்ச்சிலேயே அமெரிக்காவின் போதைமருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டி.இ.ஏ. இம்மருந்துக்குக் குரல் அழைப்பு போதும் என்று ஏற்றது. 2025 ஜனவரியில் வெளியான விதியும், மாநிலத்தின் மருந்துச்சீட்டுப் பதிவேட்டைப் பார்த்தபின் முதல் ஆறு மாதத்துக்குத் தொலைபேசி வழியாகவே எழுத இடம் தருகிறது.

செங்காந்தள்:
எழுதியவன் நான்தான். நியூ ஜெர்சியில் 19 ஆண்டுகளாக மருந்தாளுநராக இருக்கிறேன். 2001இல் ரயன் ஹெய்ட் என்ற 18 வயது இளைஞன், தன்னை ஒருமுறைகூடப் பார்க்காத மருத்துவர் எழுதித் தந்த விக்கோடின் என்ற ஓபியாய்டு வலி மாத்திரையை இணையத்தில் வாங்கி உண்டு இறந்தான். நேரில் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்ற 2008ஆம் ஆண்டுச் சட்டம் அவன் பெயரில்தான் இருக்கிறது. ஓபியாய்டு உடலில் இருந்தால் சுருங்கும், விலகும்போது விரியும் நோயாளியின் கண்மணி தொலைபேசியில் உங்களுக்குத் தெரியுமா, ஐயா?

பொருநை:
விக்கோடினையும் பியூப்ரினார்ஃபினையும் ஒரே தட்டில் வைப்பவர் மருந்தாளுநர் என்பது வருத்தமளிக்கிறது. பியூப்ரினார்ஃபின், மூளையில் ஓபியாய்டு பற்றிக்கொள்ளும் ஏற்பிகளைப் பகுதியளவே தூண்டுகிறது. ஓர் அளவுக்கு மேல் மூச்சை அடக்கும் விளைவு ஏறுவதில்லை. ஊசியில் ஏற்றாதிருக்க, ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நலாக்சோனும் பெரும்பாலும் சேர்த்தே தரப்படுகிறது. போதைப்பொருளை நிறுத்தியதால் வரும் உபாதை தொடங்குமுன் இதை எடுத்தால் அந்த உபாதை திடீரென்று கடுமையாக வரும் என்பதால், கொட்டாவி, மூக்கில் நீர், புல்லரிப்பு, குடல் பிடிப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் முதல் மாத்திரைக்கு நேரம் குறிக்கிறேன். இவற்றைச் சொல்ல நோயாளிக்கு வாய் போதும்.

செங்காந்தள்:
கண்மணியைப் பற்றிக் கேட்டேன். கொட்டாவியைப் பற்றிச் சொல்கிறீர்கள்.

ஊர்க்குருவி:
என் அக்காள் மகன் கிழக்குக் கென்டக்கியில் இருக்கிறான். மருத்துவமனை இரண்டு மணி நேரத் தொலைவு, வண்டி இல்லை, காணொளி அழைப்புக்குச் சிக்னலும் கிடையாது. குரல் அழைப்பு இல்லாதிருந்தால் அவன் மருத்துவத்தைத் தொடங்கியிருக்கவே மாட்டான்.

வைகைக்கரை:
உங்கள் மருமகன் நலமாக இருக்கட்டும். ஆனால் 2024ஆம் ஆண்டு விதி, இதே அடிமைநிலைக்குத் தரும் இன்னொரு மருந்தான மெத்தடோனைத் தொடங்குவதற்குக் காணொளியாவது வேண்டும் என்கிறதே. குரலே போதுமென்றால் அங்கு மட்டும் முகம் எதற்கு?

பொருநை:
மெத்தடோன் ஏற்பிகளை முழுமையாகத் தூண்டுவது, இதயத் துடிப்பின் ஒழுங்கையும் பாதிக்கக்கூடியது என்பதால்தான் விதி இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. என் வாதத்துக்கே நீங்கள் சான்று தருகிறீர்கள்.

செங்காந்தள்:
அழைப்பில் பேசியவர் யார் என்பதை நீங்கள் காண்பதில்லை. ஆனால் மருந்து வாங்க வருபவரின் அடையாள அட்டையைச் சரிபார்க்கும் பொறுப்பை 2025 விதி எங்கள் தலையில் கட்டுகிறது. போன மாதம் ஆன்டிபயாடிக் விவாதத்தில் எங்களை மாத்திரை எண்ணுபவர்கள் என்றவரும் நீங்கள்தான். அதை நான் மறக்கவில்லை.

பொருநை:
நான் அப்படிச் சொல்லவில்லை; கடைகள் சீட்டைத் திருப்பி அனுப்புவதைத்தான் சொன்னேன். இரண்டு கடைகளில் மறுக்கப்பட்டு, மூன்றாவதற்குப் போகத் தெம்பில்லாமல் தெருவில் ஃபென்டனில் என்ற கொடிய ஓபியாய்டை வாங்கிய நோயாளியை நான் அறிவேன். அன்று கடைக்காரர்கள் அவன் கண்மணியைப் பார்த்தார்களா?

வைகைக்கரை:
நீங்கள் தூக்கிப் பிடிக்கும் 2025 விதி நடைமுறைக்கு வரும் நாளே தள்ளித்தள்ளிப் போடப்பட்டதை ஏன் மறைத்தீர்கள்?

பொருநை:
மறைக்கவில்லை. விதி தள்ளிப்போன காலத்திலும் 2020இன் தற்காலிகத் தளர்வு நீடித்தது. 2020 மார்ச்சுக்குப் பிறகு ஒருநாளும் குரல் அழைப்பு சட்டவிரோதமாக இருந்ததில்லை. 2022 டிசம்பர்வரை இம்மருந்தை எழுதவே தனி அனுமதி வேண்டும், தொடக்கத்தில் 30 நோயாளிகள்தான் என்று கட்டிப் போட்டிருந்தார்கள். அன்றும் பாதுகாப்பு என்றே சொன்னார்கள். 2023இல் மட்டும் அளவுக்கு மீறிய மருந்தாலும் போதைப்பொருளாலும் இந்நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். குரல் போதும் என்று மீண்டும் சொல்கிறேன்.

செங்காந்தள்:
நானும் மீண்டும் கேட்கிறேன். கண்மணியை எப்படிப் பார்த்தீர்கள்?